அப்பா வச்ச 71 தேக்கு, மொத்தமா 2,80,000 சொல்றாங்க. கொடுக்கலாமா?

பேராவூரணி வாய்க்கால்கரை (கேள்வி)

வணக்கம். ஊர் பேராவூரணிக்குப் பக்கம். நான் இருக்கிறது திருப்பூரில், பனியன் கம்பெனி வேலை. அப்பா 1999-ல் தென்னந்தோப்பு வேலியோரமா ரெண்டு வரிசை தேக்கு வச்சார், ஆறடிக்கு ஒண்ணு. கஜா புயலில் தென்னை முக்கால்வாசி போச்சு. தேக்கில் சிலது மட்டும் சாய்ஞ்சது. இப்ப எண்ணிப் பார்த்தா 71 நிக்குது. அப்பா தவறி நாலு வருஷம் ஆச்சு, பட்டா அம்மா பேருக்கு மாத்தியாச்சு.

தை மாசம் தங்கச்சி கல்யாணம். ரெண்டு லட்சம் இடிக்குது. போன வாரம் ஒரு புரோக்கர் வீட்டுக்கு வந்து, தோப்பை ஒரு சுத்து சுத்திட்டு, "மொத்தமா ரெண்டு எண்பது தர்றேன், வெட்டுக்கூலி, ஏத்துக்கூலி, ஆபீஸ் செலவு எல்லாம் என் பாடு, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கார். கையில் ஐயாயிரம் அட்வான்ஸும் திணிச்சுட்டுப் போயிட்டார். அம்மா அதைச் சாமி மாடத்தில் வச்சிருக்காங்க, தொடலை.

எனக்கு மரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. விலை சரியா? வேற ஏதாவது பார்க்கணுமா? ஆவணி முடியறதுக்குள்ள பதில் சொல்லணுமாம்.

மணமேல்குடி காத்து

கொடுத்துடுங்க. எங்க வீட்டில் 40 தேக்கு இருந்துச்சு. இன்னும் பருக்கட்டும், இன்னும் பருக்கட்டும்னு விட்டு வச்சோம். 2018 நவம்பர் 16 விடிகாலை எல்லாம் படுத்துடுச்சு. மறுவாரம் வந்த வியாபாரி விறகு விலை கேட்டான், கொடுத்தோம். நிக்கிற மரத்துக்குத்தான் விலை. விழுந்த மரத்துக்கு நாம என்ன பேசறது?

தடிக்கணக்கு அண்ணாச்சி, செங்கோட்டை

பேராவூரணி தம்பி, அவசரப்படாதீங்க. நான் செங்கோட்டையில் தடி அறுக்கிற மில்லில் 31 வருஷம் அளவுக்காரனா இருந்தவன். டேப்பும் சுண்ணாம்புக் கட்டியும்தான் பொழப்பு. அத்தனை வருஷமும் வாங்குறவங்க பக்கம் நின்னு அளந்தவன்னும் சேர்த்துப் புரிஞ்சுக்கோங்க. இப்ப வேலையில் இல்லை, அதனால சொல்லலாம்.

முதல்ல அந்த ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுங்க. இன்னைக்கே. அது அட்வான்ஸ் இல்லை, வாய்ப்பூட்டு. "அந்தத் தோப்பு நான் பேசி முடிச்சது"ன்னு ஒரு வார்த்தை வெளியே போச்சுன்னா வேற வியாபாரி உங்க வாசலுக்கு வரமாட்டான். தொழிலில் அப்படி ஒரு மரியாதை வச்சிருக்காங்க, அந்த மரியாதைக்குக் காசு கட்டுறது நீங்கதான்.

விலை சரியான்னு கேட்டீங்க. 71 மரம்னு சொன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. மரத்தை எண்ணி விற்கிறது தேங்காய் வியாபாரம், தடி வியாபாரத்தில் சுற்றளவும் நீளமும்தான் பேச்சு. உங்க புரோக்கர் தோப்பைச் சுத்தும்போது ரெண்டு மூணு மரத்தைக் கட்டிப்பிடிச்சுப் பார்த்திருப்பார், அம்மாகிட்ட கேளுங்க. மரத்து மேல பாசம் இல்லை. கட்டிப்பிடிச்சா ரெண்டு கைவிரலும் எங்க முட்டுதுங்கிறதை வச்சே இத்தனை இன்ச்சுன்னு அவருக்குத் தெரியும். அவர் அளந்துட்டார், நீங்க அளக்கலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போங்க. தையல்காரர் டேப் ஒண்ணு (சணல் கயிறு வேண்டாம், இழுத்தா நீளும்), வெள்ளைப் பெயிண்ட் கால் லிட்டர், ஒரு நோட்டு. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், நெஞ்சு மட்டத்தில், ஒவ்வொரு மரமா சுற்றளவு எடுங்க. ஒண்ணு முதல் 71 வரை நம்பர் போடுங்க. நம்பரை ரெண்டு இடத்தில் போடணும், நெஞ்சு மட்டத்தில் ஒண்ணு, தூரில் மண்ணோட ஒட்டி ஒண்ணு. மேல உள்ளது லாரியில் போயிடும், கீழ உள்ளது உங்க தோப்பில் நிக்கும். எத்தனை போச்சுன்னு பின்னால தகராறு வந்தா அடிக்கட்டைதான் சாட்சி. முதல் கிளை வரைக்கும் நேரா எத்தனை அடி இருக்குன்னு குத்துமதிப்பா எழுதுங்க. தேங்காய் பறிக்கிற தொரட்டிக் கம்பை மரத்தோட சாய்ச்சு வச்சுப் பார்த்தா சுலபமா தெரியும். கோணல், பொந்து இருந்தா அதையும் எழுதுங்க.

கணக்கு பெரிய வித்தை இல்லை. தடியோட நடுச் சுற்றளவை இன்ச்சில் எடுத்து நாலால வகுக்கணும். வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தை அடிக்கணக்கில் பெருக்கி, 144-ஆல வகுத்தா கன அடி. ஹாப்பஸ்னு ஒரு வெள்ளைக்காரர் 1736-ல் அச்சடிச்ச வாய்ப்பாட்டில் இருந்து வந்தது, இன்னைக்கும் அதுதான் ஓடுது. உருண்டைத் தடியில் உண்மையா இருக்கிறதில் நூத்துக்கு 78 பங்குதான் இந்தக் கணக்கில் வரும். மீதி 21 சொச்சம் அறுக்கும்போது போற பக்கப்பலகைக்கும் மரத்தூளுக்கும்னு முதலிலேயே விட்டுக்கொடுத்தாச்சு. இதை மறக்காதீங்க, ஏன்னா அதுக்கு மேலயும் கழிப்பாங்க.

எப்படிக் கழிப்பாங்கன்னு சொல்றேன், நானே செஞ்சிருக்கேன். ஒரு தடி, 11 அடி 10 இன்ச்சு நீளம். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையைச் செதுக்கிட்டு மரத்து மேலயே டேப் போட்டா 34 இன்ச்சு. நாலால வகுத்தா எட்டரை, எட்டரையை எட்டரையால பெருக்கினா 72.25. நீளத்தோட கணக்குப் போட்டா 5.94 கன அடி. நான் என்ன எழுதுவேன்? பட்டை செதுக்கி அளந்த பிறகும் "பட்டைக்கு ரெண்டு"ன்னு கழிச்சு 32. நீளத்தில் சில்லறை விட்டு 11. எட்டெட்டு 64, பதினொண்ணால பெருக்கினா 704, கன அடி 4.89. ஒரு தடியில் ஒரு கன அடிக்கு மேல காத்தில் போச்சு. பக்கத்திலேயே மரத்துக்காரர் கையில் டீ டம்ளரோட நிப்பார், "சரியா எழுதுங்க அண்ணாச்சி"ன்னு சொல்லிக்கிட்டே. முதலாளி சம்பளம் கொடுத்தது இதுக்கும் சேர்த்துத்தான்.

பட்டைக்குக் கழிக்கிறது நியாயம்தான், பட்டைக்கு மேல அளந்தா. ஒண்ணு பட்டை மேல அளந்து கழிக்கணும், இல்லை செதுக்கி அளந்து கழிக்காம விடணும். ரெண்டும் சேர்ந்து வரக்கூடாது. அப்புறம், டேப் சரியா நடுவில் விழணும். நுனிப்பக்கம் ஓரடி தள்ளிப் போட்டா ஒரு இன்ச்சு குறையும். நீளம் வெட்டும்போது தச்சனுக்கு என்ன வேணும்னு பாருங்க. நிலைக்கால் ஏழடி. ஏழேகால் அடியில் வெட்டின தடிக்கு மதிப்பு, ஆறேமுக்காலில் வெட்டினா அது ஆறடித் தடி ஆயிடும். மேஸ்திரி ரம்பத்தை வைக்கிறதுக்கு முன்னால நீங்க பக்கத்தில் நிக்கணும்.

அளந்துட்டு வாங்க, மிச்சம் பேசுவோம்.

பேராவூரணி வாய்க்கால்கரை

அண்ணாச்சி, போயிட்டு வந்தேன். சித்தப்பாவும் நானும் ரெண்டு நாள் அளந்தோம். நீங்க சொன்ன மாதிரியே அவர் கட்டிப்பிடிச்சாராம், அம்மா சிரிக்கிறாங்க. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாச்சு. அவருக்குக் கோபம்தான்.

நெஞ்சு மட்டத்தில்: 28 இன்ச்சுக்குக் கீழே 20 மரம். 28-லிருந்து 40 வரை 38 மரம். 40-க்கு மேல 13 மரம், இதில் பம்புசெட்டு பக்கம் உள்ள ஒண்ணு 51. ஒல்லியா உள்ளது எல்லாம் வரிசைக்கு நடுவில் நெருக்கிக்கிட்டு நிக்குது. 40-க்கு மேல உள்ளதில் ரெண்டு, கரண்டு கம்பிக்கு நேர் கீழே.

தடிக்கணக்கு அண்ணாச்சி, செங்கோட்டை

நல்லது. நான் உத்தேசமா போடுறேன், தரையில் விழுந்த பிறகு மாறும். நடுத்தர 38 மரமும் தலைக்கு அஞ்சு கன அடி வச்சா 190. பெருசு 13, தலைக்கு ஒன்பதரை பத்து, 126-ன்னு வச்சுக்கோங்க. சின்னது 20-ம் சேர்ந்து 34 தேறும். மொத்தம் 350. ரெண்டு எண்பதை 350-ஆல வகுத்தா கன அடி 800 ரூபா விழுது. இதில் கவனிக்க வேண்டியது, மொத்தத்தில் மூணில் ஒரு பங்குக்கு மேல அந்த 13 மரத்திலேயே இருக்கு. பருமனான தடிக்குக் கன அடி விலையே தனி. ஒல்லித் தடியில் வெள்ளை (பட்டைக்கு அடுத்த வெளிர் மரம்) கூட, சேகு (நடுவில் உள்ள வைரம்) குறைவு. உங்க பக்கம் வாய்க்கால் தண்ணி குடிச்சு வளர்ந்த மரம்னு வெள்ளையைக் காட்டி இன்னும் குறைப்பாங்க. உங்க புரோக்கர் எல்லாத்தையும் ஒரே விலையில் கட்டி, அந்த 13-ஐ உள்ளே வச்சு மடிச்சுட்டார்.

எனக்குன்னா அந்த 13-ஐ வெட்ட மனசு வராது. 30 இன்ச்சு மரம் 36 ஆனா கன அடி நூத்துக்கு 44 கூடும், விலையும் ஒரு படி ஏறும். ஆறடி இடைவெளியில் நெருக்கமா நிக்குது, ஒல்லியையும் கோணலையும் எடுத்துட்டா பெருசுக்கு வெயிலும் காத்தும் கிடைக்கும். நடுத்தரத்தில் வேணுங்கிற அளவு எடுங்க.

மூணு பேரைக் கூப்பிடுங்க. மூணு பேர்கிட்டயும் "மொத்தத்துக்கு என்ன"ன்னு கேட்காதீங்க, 28-க்குக் கீழே, 40 வரை, 40-க்கு மேலன்னு பிரிச்சு, கன அடிக்கு என்னன்னு கேளுங்க. வெட்டு, ஏத்து யார் செலவு, கொப்பும் விறகும் யாருக்கு, எத்தனை நாளில் தோப்பைக் காலி பண்ணணும், தென்னைக்குச் சேதம் வந்தா என்ன, எல்லாம் ஒரு தாளில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து. தடி ஏறும் முன்னால முழுப் பணம். லாரி போன பிறகு பணம்னு சொல்ற ஆளோட டீ மட்டும் குடிங்க.

தேக்குக்குப் பெர்மிட் இல்லாம ஒரு தடி ரோட்டில் போகக்கூடாது. 1968-லிருந்தே தமிழ்நாட்டில் அதுக்கு விதி இருக்கு. சிட்டா, அடங்கல், புலப்பட நகல், வி.ஏ.ஓ. சான்று எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு, வெட்டுறதுக்கு முன்னாலயே உங்க ஏரியா வனச்சரகர் ஆபீசில் போய்க் கேளுங்க. "ஆபீஸ் செலவு என் பாடு, கையெழுத்து மட்டும்"னு சொன்னாரே, அங்கதான் எனக்கு உறுத்துது. வெத்துத் தாளில் அம்மா கையெழுத்து போட்டா, அந்தப் பேரில் வேற எவன் தோப்புத் தேக்கும் போகும். செக்போஸ்டில் மாட்டினா கேள்வி அம்மாவுக்கு வரும்.

மணமேல்குடி காத்து

அண்ணாச்சி மலையடிவாரத்தில் உட்கார்ந்துக்கிட்டு பெருசை வச்சுக்கோன்னு சொல்றார். கடலோரத்தில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும். பெருசுதான் முதல்ல விழும், தலைக்கனம். எடுக்கிறதுன்னா அந்த 13-ஐ எடுத்து காசாக்குங்க தம்பி. சின்னது வளையும், தப்பிக்கும்.

தடிக்கணக்கு அண்ணாச்சி, செங்கோட்டை

காத்து, உங்க நஷ்டத்தை நான் குறைச்சுச் சொல்லலை. ஆனா ஒண்ணு கேட்கிறேன், விழுந்த 40 தேக்கை மறுவாரமே ஏன் கொடுத்தீங்க? மாமரம்னா சரி, சீக்கிரமே பூசணம் புடிச்சுக் கறுத்துடும், ஓட்டை விழும். தேக்குச் சேகு அப்படி இல்லை. கொப்பை மட்டும் கழிச்சுட்டு, அடியில் ரெண்டு தென்னங்கட்டை போட்டு, மண் படாம அடுக்கி வச்சிருந்தா ஒரு வருஷம் கழிச்சும் அதே தடிதான். வெள்ளையைப் பூச்சி தின்னும், தின்னட்டும். புயல் வந்த மாசம் நாலு மாவட்டத்து மரமும் ஒண்ணா சந்தைக்கு வந்துச்சு, வியாபாரி சொன்னதுதான் விலை.

மணமேல்குடி காத்து

அன்னைக்கு வீட்டுக்குக் கூரை இல்லை அண்ணாச்சி. தார்ப்பாய் வாங்கணும். தடியை அடுக்கி வைக்க யாருக்குத் தெம்பு இருந்துச்சு?

தடிக்கணக்கு அண்ணாச்சி, செங்கோட்டை

சரிதான். அதுக்குப் பதில் இல்லை என்கிட்ட.

குறிஞ்சிப்பாடி சவுக்குத்தோப்பு

தேக்கு எனக்குத் தெரியாது, ஆனா எடைக்கு விற்கிறவங்க யாராவது இதைப் படிச்சா ஒரு விஷயம். சவுக்கு, தைலமரம் எல்லாம் டன் கணக்கு. வெட்டிப் போட்ட நிமிஷத்திலிருந்து ஈரம் போகும், ஈரம் போனா எடை போகும். வெட்டின அன்னைக்கே ஏத்தணும். "நாளைக்கு லாரி வரும்"னு நாலு நாள் இழுத்தடிச்சா அந்த நாலு நாள் எடை நம்ம காசு.

இன்னொண்ணு, காலி லாரி எடை. லோடு எடையில் இதைக் கழிச்சுத்தான் மரத்தோட எடை. போன தடவை எங்க தோப்புக்கு வந்த லாரி, எடைமேடையில் காலியா ஏறும்போது டிரைவர், கிளீனர், ஏத்துற ஆளுங்க ஆறு பேர், ரெண்டு தண்ணி டிரம், ஸ்டெப்னியோட கூட ஒரு டயர், எல்லாத்தோடயும் ஏறுச்சு. லோடு எடை போடும்போது டிரைவர் மட்டும். டிரம், டயர் ஒண்ணையும் காணோம். நான் தொப்பியைக் கழட்டி விசிறிக்கிட்டு நிழலில் நின்னுக்கிட்டு இருந்தேன், வீட்டுக்கு வந்து சீட்டைப் பார்க்கும்போதுதான் உறைச்சது. அதிலிருந்து ரெண்டு எடைக்கும் நானே மேடைக்குப் பக்கத்தில் நிக்கிறேன், எல்லாரையும் இறங்கச் சொல்லிடறேன். முடிஞ்சா வியாபாரி காட்டுற மேடையை விட்டுட்டு வேற மேடையில் போடுங்க.

கோத்தகிரி மேட்டுக்காடு

மலையில் நிலம் இருக்கிறவங்க மேல சொன்னதை அப்படியே எடுத்துக்காதீங்க. அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் 1955-ம் வருஷச் சட்டம் இருக்கு. நம்ம பட்டா, நாம வச்ச சில்வர் ஓக்னாலும் வெட்டவே முன் அனுமதி வேணும், மாவட்டக் கமிட்டிக்குப் போகும், மாசக்கணக்கில் ஆகும். சந்தனம்னா எங்க இருந்தாலும் வனத்துறை வழியாத்தான். வியாபாரியோட பேசவே பேசாதீங்க.

பேராவூரணி வாய்க்கால்கரை

அண்ணாச்சி, எல்லாருக்கும் வணக்கம். அஞ்சு வாரம் ஆச்சு, என்ன நடந்துச்சுன்னு எழுதிடறேன்.

மூணு பேர் வந்தாங்க. ஒருத்தர் நம்பரைப் பார்த்துட்டு, "ஓ, அளந்தாச்சா"ன்னு டீ கூடக் குடிக்காம போயிட்டார். ரெண்டாவது ஆள் நடுத்தரத்துக்கு 950, மூணாவது ஆள் 1,150 சொன்னார், வெட்டும் ஏத்தும் அவர் செலவு, விறகு எங்களுக்கு. அவருக்கே பேசினோம்.

எதை வெட்டறதுன்னு அம்மாதான் முடிவு பண்ணாங்க. அண்ணாச்சி சொன்னதையும் கேட்டாங்க, மணமேல்குடி அண்ணன் சொன்னதையும் கேட்டாங்க. கரண்டு கம்பிக்குக் கீழே உள்ள பெருசு ரெண்டும் எப்படியும் போக வேண்டியது, அதை எடு, மத்ததைத் தொடாதேன்னுட்டாங்க. நடுத்தரத்தில் நெருக்கமா, கோணலா நின்ன 26. ஒல்லி 20-ம் மொத்தமா.

பெர்மிட்டுக்கு மூணு வாரம். வனத்துறையில் வந்து மரத்தைப் பார்த்துட்டுப் போனாங்க, நம்பர் போட்டிருந்தது அவங்களுக்கும் சுலபமா இருந்துச்சு. புரட்டாசி கடைசிக்குள்ள லாரியை வெளியே எடுத்துடணும்னு பயந்தேன். ஐப்பசி மழை புடிச்சா எங்க களியில் டிராக்டரே பதியும். ரெண்டு நாள் முன்னாலயே முடிஞ்சது. கரண்டு ஆபீசில் எழுதிக் கொடுத்து அரை நாள் லைனை நிறுத்தி வெட்டினோம்.

அளக்கும்போது நானும் ஒரு டேப் வச்சுக்கிட்டு எதிர்ப்பக்கம் நின்னேன். ஒரு தடியில் அவங்க ஆள் செதுக்கி அளந்துட்டு "பட்டைக்கு ரெண்டு"ன்னார். "செதுக்கியாச்சேண்ணே"ன்னு மட்டும் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு 34-ன்னு எழுதினார். அதுக்கப்புறம் எந்தத் தடியிலும் கழிக்கலை.

26 மரம் 127.4 கன அடி, 1,46,510 ரூபா. பெருசு ரெண்டும் 19.8, கன அடி 1,700 போட்டு 33,660. ஒல்லி 20-க்கு 22,000. ஆக 2,02,170. விறகு தனி, அம்மா அதைக் கல்யாணச் சமையலுக்குன்னு அடுக்கி வச்சுட்டாங்க. 23 மரம் இன்னும் நிக்குது, அதில் பெருசு 11.

ஒரே ஒரு சந்தேகம் அண்ணாச்சி. அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்துடவா? ஜே.சி.பி.க்காரர் கட்டைக்கு இவ்வளவுன்னு கேட்கிறார்.

தடிக்கணக்கு அண்ணாச்சி, செங்கோட்டை

தோண்டாதீங்க. தேக்கு மறுதாம்பு விடும். தண்ணி தேங்காத மாதிரி கட்டை முகத்தைக் கொஞ்சம் சரிவா செதுக்கி விடுங்க, கட்டை பிளந்திருந்தா அதையும் சீவுங்க. மழை முடியறதுக்குள்ள அஞ்சாறு தளிர் வரும். அடுத்த ஆடியில் நல்ல தளிரா ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை ஒடிச்சுப் போடுங்க, மண்ணோட ஒட்டி வந்ததைத் தேர்ந்தெடுங்க, உயரத்தில் வந்தது காத்தில் பிய்ஞ்சுடும். ஆடு வந்தா மட்டும் முள்ளு போடுங்க. கம்பிக்குக் கீழே உள்ள ரெண்டு கட்டையை வேணா தோண்டுங்க, அது திரும்ப அங்கயே வளர்ந்து என்ன பிரயோஜனம்.

கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சா?